வானத்தில் வைத்த குரல்

ஜனவரி 4, சனி

பெருமக்களே, தாய்மார்களே! இந்த நாட்குறிப்பில் இனி வரப்போவதை உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. என் இரண்டு ஒலிபெருக்கிகளின் மேலும் அடித்துச் சத்தியம் செய்கிறேன். மீறி நம்பினால் அது உங்கள் பிழை. என்னிடம் வந்து நியாயம் கேட்கக்கூடாது.

நான் திண்டுக்கல் வடமலை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் 'இடியோசை விளம்பர ஒலிப்பதிவக'த்தின் நிறுவனர், அதிபர், ஏகச் சக்கரவர்த்தி. மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஓடும் ஆட்டோக்களில் இந்த ஊர் எதைக் கேட்டாலும் அது என் பேனாவில் பிறந்தது. 'மாபெரும்' என்று நான் எழுதினால் பத்துக்குப் பத்துக் கடையும் மைதானமாகிவிடும். ஒரு பூட்டுக் கடைக்கு நான் எழுதிய விளம்பரத்தைக் கேட்டு மூன்று திருடர்கள் மனம் திருந்தி, அதே கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

இன்று நான் வானத்தை வாடகைக்கு எடுத்தேன்.

எங்கள் கணினி, பாவம், மரணப் படுக்கையில் இருக்கிறது. என் தங்கை மகள் சுகந்திதான் கணினி, ஒலிப்பதிவு எல்லாம். முப்பத்துநான்கு வயது. என் மூளையின் பெரும்பகுதி அவள் தலையில்தான் இருக்கிறது. "இது என்னைக்காவது ஒரு நாள் நின்னுபோயிரும் மாமா. எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திருவோம்" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மதுரைக் கிளவுடு கம்பெனி ஒன்றிலிருந்து பர்வீன் என்ற பெண்ணை வரவழைத்தாள். அந்தப் பெண் கல்யாண மண்டபத்தை வைத்தே மேகத்தை விளக்கிவிட்டது.

"மூணு மாதிரி இருக்கு சார். ஒண்ணு, காலி மண்டபம். இடம், கரண்டு, தண்ணி எங்களது. அடுப்பு, அண்டா, சமையக்காரர் எல்லாம் நீங்க கொண்டாரணும். ரெண்டாவது, அடுப்பு பாத்திரமெல்லாம் இருக்கும், சமைக்கிறது மட்டும் நீங்க. மூணாவது, முழுக் காண்ட்ராக்ட். வந்து இலையில உக்காந்தா போதும்."

"மூணாவது!" என்றேன். "வடமலை அண்டா தூக்கப் பிறந்தவனில்லை."

"முழுசாக் கேளுங்க மாமா" என்றாள் சுகந்தி.

"இன்னொண்ணு சார். எந்த மாதிரி எடுத்தாலும் மண்டபம் இடிஞ்சு விழாம பாத்துக்கிறது நாங்க. உள்ள வச்ச பண்டத்தைப் பாத்துக்கிறது நீங்க. உங்க ஃபைல் உங்க பொறுப்பு. கீழ கம்ப்யூட்டர்ல என்ன செய்றீங்களோ, மேலயும் அப்பிடியே நடக்கும். தனியா ஒரு பிரதி வேணும்னா அதுக்கு வேற ஏற்பாடு இருக்கு. போட்டுரட்டுமா?"

"ஏம்மா, வானத்துக்குப் போனதுக்கு அப்புறம் அதுக்கும் மேல எங்கம்மா பிரதி வைக்கிறது? சொர்க்கத்துலயா?"

பர்வீன் சிரித்தாள். நான் அதைவிட அதிகமாகச் சிரித்தேன். சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. தலைமை நிர்வாகி யார் என்று கேட்டபோது அவள் வாயைத் திறக்கும் முன் என் பெயரைச் சொல்லிவிட்டேன். வானத்துக்கு ஒரு அதிபதி வேண்டாமா? உள்ளே நுழையும் கடவுச்சொல்தான் சாவி: சுகந்திக்குத் தனிச் சாவி, எனக்குத் தனிச் சாவி.

ஜனவரி 9, வியாழன்

மூன்று நாளாக எங்கள் ஒலிகள் மேலேறிக்கொண்டிருந்தன. கனம் தாங்காமல் திண்டுக்கல் வானம் இரண்டடி தாழ்ந்துவிட்டது. மலைக்கோட்டையில் நின்றவர்கள் குனிந்து நடந்ததாகக் கேள்வி.

கடைசியாகப் போனது 'பழசு' என்ற மூட்டை. அதில் இருப்பது பிலோமினா. மேளம், நாதசுரம், எதிரொலி எதுவும் சேர்ப்பதற்கு முன் எடுத்த வெறும் குரல். இருபத்திரண்டு வருடக் குரல்.

அந்தோணியார் கோயில் பாடல் குழுவில் மூன்றாம் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தவரை நான்தான் கண்டெடுத்தேன். 'வாங்க' என்று அவர் ஒருமுறை சொன்னால் எதிர்க் கடைக்குக் கிளம்பியவன்கூடத் திரும்பி வருவான். நான் எழுதிக் கொடுப்பதில் பாதியை அடித்துவிட்டுத்தான் படிப்பார். "இவ்வளவு பொய்யை ஒரே மூச்சுல சொல்ல முடியாதுண்ணே. ஏதாவது ஒண்ணைக் கொறைங்க" என்பார்.

போன அக்டோபரில் தொண்டையில் கட்டி. குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் வெள்ளைத் துணி. பழக்கத்தில் இன்னும் வியாழக்கிழமைதோறும் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். இன்றும் வந்தார். திரையில் தன் மூட்டை மேலே ஏறுவதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, ஏதோ பெண்ணைக் கட்டிக்கொடுத்து பஸ் ஏற்றுகிறவர்போலக் கையை ஆட்டினார்.

ஜனவரி 13, திங்கள்

போகி.

இடியோசையின் போகி மற்றவர்கள் போகி மாதிரி இல்லை. கிழிந்த ஸ்பீக்கர், செத்த மைக், ஒயர்ச் சுருள் எல்லாம் பழைய இரும்புக்காரரோடு போகும். அப்புறம் கூடத்தைக் கழுவி, கடைசியில் குப்பைக் கூடையையும் கவிழ்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, வெயிலில் காயவைப்போம். கூடையில் பழசு ஒட்டிக்கொண்டிருந்தால் போகி கழியாது என்பது எங்கள் அப்பா போட்ட சட்டம். கடை ஆரம்பித்த நாளிலிருந்து மீறியதில்லை.

சுகந்தி மாமியார் வீட்டுக்கு, வத்தலக்குண்டுக்குப் போயிருக்கிறாள். நான் ஒருவனே நூறு ஆளாக நின்று கழுவினேன். கணினியையும் துடைத்தேன். இடமில்லை, இடமில்லை என்று அது சிவப்புக் கோடு காட்டி அழுதது. மேலே வானத்தில் ஒரு பிரதி காலை நீட்டிப் படுத்திருக்கும்போது கீழே எதற்குச் சுமை? சில பழைய மூட்டைகளை இறக்கிவிட்டேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். மெய்யாகவே உறுதியா என்று மறுபடி கேட்டது. தாலி கட்டும்போதுகூட என்னை யாரும் இரண்டு தரம் கேட்கவில்லை.

திரையில் ஒரு குப்பைக் கூடை இருக்கிறதே, அதையும் கவிழ்த்தேன். மஞ்சள் பூச முடியாததால் கணினியின் நெற்றியில் ஒரு பொட்டு மட்டும் வைத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் கிழக்குப் பக்கம் பொங்கியது. கணினி குதிரையாக ஓடுகிறது.

ஜனவரி 22, புதன்

பழனி பாதயாத்திரை தொடங்கிவிட்டது. சாலை முழுக்கப் பச்சையும் காவியும். அன்னதானப் பந்தல்கள், செருப்புக் கடை, வலி தைலக் கடை எல்லோருக்கும் விளம்பரம் வேண்டும். பிலோமினாவின் குரல் வேண்டும் என்கிறார்கள். இல்லை என்றால் சும்மா சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். சுகந்தி பேசிப் பதிகிறாள். பாவம், தைலம் விற்பதற்கே மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கிறது. நானே பேசிப் பார்த்தேன். தைலக் கடைக்காரர் கேட்டுவிட்டு, "அண்ணே, இதைக் கேட்டா இல்லாத வலியும் வரும்" என்றார்.

ஜனவரி 27, திங்கள்

பிலோமினா இன்று வியாழன் அல்லாத நாளில் வந்தார். கூட அவர் மகள் செலின், தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். இருவர் முகத்திலும் ஒரு வெளிச்சம்.

"வடமலை மாமா, மதுரையில அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்கிற அக்கா ஒண்ணு சொன்னாங்க. அம்மாவோட பழைய குரல் சுத்தமா ஒரு மூணு மணி நேரம் கிடைச்சா, மேளம் பாட்டு எதுவும் கலக்காம, அதை வச்சு அம்மா குரலையே செஞ்சு குடுத்துருவாங்களாம். அம்மா போன்ல டைப் பண்ணப் பண்ண, அம்மாவே பேசுற மாதிரி வருமாம்."

"மூணு மணி நேரமா? மூணு யுகத்துக்கு இருக்கு! அதுவும் எங்க? வானத்துல!"

பிலோமினா கைப்பேசியில் தட்டினார். அது பேசியது. எந்த ஊரென்று சொல்ல முடியாத ஒரு பெண் குரல், ரயில் தாமதம் என்று அறிவிப்பதுபோல.

"அண்ணே, இவ யாருன்னே தெரியல. எங்க வீட்டுல வந்து உக்காந்துக்கிட்டு எம் புருசனை அதட்டுறா. இருபத்தேழு வருசமா நான் சொல்லிக் கேக்காதவர், இவ சொன்னாக் கேக்குறாரு. அதுதான் எனக்குத் தாங்கல."

எல்லோரும் சிரித்தோம். பிலோமினாவின் சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது. சத்தம் வரவேண்டிய இடத்தில் காற்று வந்தது.

சுகந்தி திரையைத் திறந்தாள். மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள்.

"மாமா, 'பழசு' ஃபோல்டரைக் காணோமே."

"நல்லாப் பாரு."

"கீழயும் இல்ல. மேலயும் இல்ல மாமா."

எனக்குள்ளே ஒரு இரும்புப் பெட்டி மாடிப்படியில் உருண்டு போகிற சத்தம் கேட்டது. வெளியே சிரித்தேன். "வானம் பெருசும்மா. எங்கயாவது மேஞ்சுக்கிட்டு இருக்கும். பிடிச்சுக் கட்டிருவோம்."

பிலோமினா தட்டினார். "மெதுவாத் தேடுங்க. இருபத்திரண்டு வருசம் பேசியாச்சு. பத்து நாள் பேசாட்டி என்ன?"

ஜனவரி 28, செவ்வாய்

குற்றவாளிகள் பட்டியல் தயார். முதல் சந்தேகம், மதுரைக் கம்பெனி. இரண்டு, பிலோமினாவின் குரலுக்கு ஆசைப்பட்ட அயல்நாட்டு உளவுத்துறை. மூன்று, கம்பத்தில் எந்நேரமும் உட்கார்ந்து எங்கள் ஒயரைக் கொத்தும் அந்த ஒற்றைக் காக்கை.

சுகந்தி தன் சாவியில் உள்ள குப்பைக் கூடையைப் பார்த்தாள். காலி. பழைய டிஸ்க், பழைய பென்டிரைவ், செத்த மடிக்கணினி எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேலேற்றும்போது தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைக்கிறாள். இல்லை என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

சுகந்தி சாப்பிடவில்லை. தைலக் கடை விளம்பரம் மூன்றாம் முறை மாற்றினோம்.

பிப்ரவரி 3, திங்கள்

ஒரு வழியாகப் பர்வீன் போனில் கிடைத்தாள். சுகந்தி நிறைய நேரம் பேசினாள். பிறகு தேநீர் வந்தது. நான் வடையை எடுத்துக்கொண்டிருந்தபோது சுகந்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். தகுந்த பதில் சொன்னேன்.

அதன்பின் சூரியப் புயலைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினேன். சூரியனில் ஒரு பொறி கிளம்பினால் இங்கே திண்டுக்கல்லில் ஒரு ஃபோல்டர் கருகிவிடும். இது விஞ்ஞானம். வடை நன்றாக இல்லை.

கம்பெனிப் பக்கத்தில் தொலைந்ததாகப் பர்வீன் புகார் எழுதிக்கொண்டாள். விசாரித்து அறிக்கை வரப் பத்து நாள் ஆகுமாம். சுகந்தியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப என் தப்பு இல்ல மாமா. அவங்க பக்கம்தான்" என்றாள்.

"வேற என்ன?" என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பிலோமினா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். போனார்.

நான் அடுத்த அறையில் வேலையாக இருந்தேன். வேலை என்னவென்றால் அடுத்த அறையில் இருப்பது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பழனி சாலையில் காணாமல் போனவர்களுக்கான தகவல் பந்தல். இருபது வருடம் அதில் மைக் பிடித்தவர் பிலோமினா. இந்த வருடம் நான். உலக மக்கள்தொகையில் பாதி சாலையில் நடந்தது. மீதிப் பாதி அவர்களைக் காணோம் என்று என் பந்தலில் வந்து நின்றது.

நெற்குப்பைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மனைவியைத் தவறவிட்டு வந்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

"அலைகடலெனத் திரண்டிருக்கும் பக்தகோடிகளே! நிலவும் நாணும் திருமுகமும், தாமரை போன்ற பாதங்களும் கொண்ட நெற்குப்பை வள்ளிக்கண்ணு அம்மையார் அவர்களே!"

பெரியவர் என் கையைப் பிடித்தார். "ஏங்க, எஞ் சம்சாரத்தைக் கூப்பிடச் சொன்னா நீங்க ஏங்க வர்ணிக்கிறீக?"

பின்னாலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பிலோமினா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அதில் எழுதியிருந்தது: 'பேர். ஊர். சேலை நிறம். எங்கே வரணும். அவ்வளவுதாண்ணே. தொலைஞ்சவங்க காதுல அலங்காரம் விழாது.'

அப்படியே படித்தேன். கால் மணி நேரத்தில் அந்த அம்மா வந்து சேர்ந்தார். புருசனைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார். "வருசாவருசம் ஒரு பொம்பளைக் குரல் கேக்கும்ல? அது கேக்கலையேன்னுதான் இது வேற பந்தல்னு நெனச்சுத் தாண்டிப் போயிட்டேன். அந்த அம்மா எங்க?"

அந்த அம்மா இரண்டடி தள்ளி நின்று அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் சற்றுக் குறைந்தபோது பிலோமினா கைப்பேசியை என் காதருகே பிடித்தார். "கம்பெனிக்காரங்க என்ன சொன்னாங்க?"

"தோண்டுறாங்கம்மா."

"வானத்தையா?"

"ஆமா."

தோள் குலுங்கியது. அவர் சிரிப்பதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மைக் கையில் இருந்தது. நாக்கும் இருந்தது. அதற்குள் தம்பியைக் காணோம் என்று இரண்டு பேர் வந்துவிட்டார்கள். என்ன சொல்ல நினைத்தேன் என்பது மறந்துபோயிற்று.

பிப்ரவரி 12, புதன்

தொண்டை கட்டிவிட்டது. கடைக்குப் போகவில்லை. நாள் முழுக்கத் தூங்கினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

அறிக்கை வந்தது. சுகந்தி நின்றுகொண்டே படித்தாள். நான் உட்கார்ந்திருந்தேன்.

"ஜனவரி பதிமூணு. காலையில பதினொன்னு நாப்பது. அழித்தவர், வடமலை." நிறுத்தினாள். "கீழ அழிச்சதும் மேலயும் அழிஞ்சிருக்கு. ஆனா மேல ஒரு கூடை இருக்காம் மாமா. அழிச்சவங்க சாவியில போனாத்தான் கண்ணுக்குத் தெரியுமாம். அதுல முப்பது நாள் பத்திரமா வச்சிருந்திருக்காங்க. ஒரு தட்டுத் தட்டுனா எல்லாம் திரும்பி வந்திருக்கும். பன்னெண்டாந் தேதி தானாக் காலியாயிருச்சு."

நான் காலண்டரைப் பார்த்தேன்.

"முந்தாநாளு மாமா" என்றாள்.

"நான் கீழ இருந்த கூடையைத்தானே..." என்று ஆரம்பித்தேன். கூடைக்கு மேல் ஒரு கூடை இருக்கும் என்று எங்கள் அப்பாவின் சட்டத்தில் இல்லை.

நானே பர்வீனுக்குப் போன் போட்டேன். யாரிடமாவது கத்தவேண்டும் போலிருந்தது. அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னது. "மண்டபத்துக்கு ஒண்ணும் ஆகல சார். பண்டத்தை நீங்களே எடுத்துக் கொட்டிட்டீங்க. நாங்க அதையும் ஒரு மாசம் மூடி வச்சிருந்தோம். யாரும் வந்து கேக்கலையே சார்."

போனை வைத்தேன். சுகந்தி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குக் கேட்டேன்ல மாமா" என்றாள்.

என்றைக்கு, எதைக் கேட்டாள் என்பது எனக்கு நினைவில்லை. ஐம்பத்தெட்டு வயதாகிறது. மனிதனுக்கு எல்லாமே நினைவிருக்குமா?

பிப்ரவரி 15, சனி

மேட்டுப்பட்டி. பிலோமினா வீடு. போகிற வழியில் நெஞ்சு வலி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பஸ்ஸாவது நின்றுபோகும் என்று நினைத்தேன். சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சுகந்தி எனக்கு முன்பே அங்கே இருந்தாள். வேறு பழைய பதிவு ஏதாவது கிடைக்குமா என்று செலினிடம் கேட்க வந்தாளாம். என்னைப் பார்த்ததும் சுவரோரமாக நகர்ந்து நின்றாள். பிலோமினா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

அலங்காரம் இல்லாமல் சொன்னேன். "போகி அன்னைக்கு நான்தாம்மா அழிச்சேன். மேல இருக்குதேன்னு நெனச்சுக் கீழ அழிச்சேன். ரெண்டுலயும் போயிருச்சு. இனிமே வராது."

பிலோமினா உரித்துக்கொண்டே இருந்தார். ஒரு கைப்பிடி மொச்சை முழுவதும் உரித்து முடித்தபிறகுதான் கைப்பேசியை எடுத்தார். தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். அந்த ரயில் நிலையப் பெண் சொன்னாள்:

"தெரியாமத்தானே செஞ்சீங்க. விடுங்கண்ணே."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சுகந்தி தரையைப் பார்த்தாள்.

மறுபடி தட்டினார். "அழாதீங்க. உங்களுக்கு அழுகை நல்லா வராது. ரெக்கார்டிங்ல கூட வந்ததில்ல."

செலின் உள்ளே போய்விட்டாள். சமையலறைக் குழாய் வெகுநேரம் திறந்தே இருந்தது. மொச்சையில் பாதியைப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்து அனுப்பினார் பிலோமினா. இதை எழுதும்போது அது மேசையில் இருக்கிறது. யாருக்கும் அவிக்கக் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

இந்த ஒரு வாரத்தில் சுகந்தி இருபத்தாறு ஆட்டோக்காரர்களைப் பிடித்தாள். (நான் இருநூற்றறுபது என்று எழுதியிருப்பேன். கை வரவில்லை.) அவர்களிடம் கிடந்த பழைய விளம்பரங்களை வாங்கி, மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அந்த அக்காவுக்கு அனுப்பினாள். எல்லாமே நாதசுரமும் எதிரொலியும் சேர்த்து முடித்தவை. சேர்க்கச் சொன்னவன் நான். 'கோயில் திருவிழா மாதிரி இருக்கணும்' என்பேன்.

இன்று அதை வைத்து ஒரு குரல் செய்து அனுப்பினார்கள். இடியோசையில் வைத்துக் கேட்டோம். பிலோமினா 'செலின், தண்ணி குடு' என்று தட்டினார்.

ஒரு கிணற்றுக்குள்ளிருந்து, பின்னால் தவில் உருள, பிலோமினா மாதிரி ஒன்று, "செலின்... லின்... தண்ணி... ண்ணி..." என்றது.

பிலோமினாவே அதை நிறுத்தினார். திரும்பக் கேட்கவில்லை.

செலின் சொன்னாள், "அம்மா, அந்த அக்கா இன்னொரு வழியும் சொன்னாங்க. நெருங்குன சொந்தக்காரங்க குரல்லயும் செய்யலாமாம். என் குரலும் உன் குரலும் ஒண்ணுதான்னு எல்லாரும் சொல்வாங்கல்ல? போன்ல உன் ஃபிரண்ட்ஸ் எல்லாம் என்னைய நீயின்னு நெனச்சுப் பேசுவாங்கள்ல? நான் மூணு மணி நேரம் படிச்சுத் தர்றேம்மா."

பிலோமினா மகளின் கன்னத்தைத் தொட்டார். பிறகு நிதானமாகத் தட்டினார்.

"வேணாம். உன் குரல்ல உன்னைய நான் எப்பிடிடி திட்டுறது?"

செலின் சிரிக்க ஆரம்பித்து வேறு மாதிரி முடித்தாள். சுகந்தி ஒலிப்பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது சத்தம் வெளியே வராத அறை.

அந்த ரயில் நிலையப் பெண்ணையே வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று. கிளம்பும்போது பிலோமினா நாற்காலியை மேசையின் அடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார். இதுவரை அப்படிச் செய்ததில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று பர்வீன் வந்து தனிப் பிரதி ஏற்பாட்டைப் போட்டுக்கொடுத்தாள். தினமும் தானாகவே இன்னொரு இடத்தில் போய் உட்காரும். இங்கே அழித்தால் அங்கே அழியாது. சோதித்துக் காட்டினாள். சுகந்தி கையெழுத்துப் போட்டாள். தலைமை நிர்வாகி இனி அவள்தான். நல்ல ஏற்பாடு. உள்ளே வைக்கத் தைலக் கடை விளம்பரம் இருக்கிறது.

சுகந்தி என்னோடு பேசுகிறாள். தேவையானதை மட்டும். பேர், நேரம், எந்தக் கடை. வீட்டில் யாரிடமும், பிலோமினாவிடமும், அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லமாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெருமக்களே, இதில் எழுதியதை நீங்கள் நம்பவேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பெரும்பாலும் கூட்டியும் பெருக்கியும் எழுதியவைதான். அது என் தொழில். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. அதை நான் எழுதவே இல்லை.

பிப்ரவரி மூன்றாம் தேதி, தேநீர் வந்த நேரம், சுகந்தி கேட்டாள்: "மாமா, நீங்க ஏதாச்சும் அழிச்சீங்களா? இருந்தாச் சொல்லுங்க, ஒண்ணுமில்ல."

'இல்லை' என்றேன்.

மேலே இருந்த கூடை காலியாக இன்னும் ஒன்பது நாள் இருந்தது.